தலைமாட்டுப் பலகை

மதியம் மூன்று மணி. ஊருக்கு வெளியே போகும் பழைய சாலை. இரண்டு பக்கமும் காலி மனைகள், நடுவில் பூட்டிக் கிடக்கும் ஒரு தொழிற்சாலை. ஈ காக்கை கிடையாது.

பேய்க் கதைக்கு நடுராத்திரிதானே வேண்டும், மூன்று மணி வெயிலில் என்ன பேய் என்று கேட்காதீர்கள். நடந்தது அப்போதுதான். கரண்ட் வரும்போது வரட்டும். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... யாரது, போனை அணை. கண்ணில் அடிக்கிறது.

அந்தச் சாலையில் ஒரு சரக்கு ஆட்டோ வந்துகொண்டிருந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் என் சிநேகிதி ஒருத்தியின் பெரியப்பா மகள். சிநேகிதி அவளை அக்கா என்றுதான் சொல்வாள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். வண்டியின் பின்னால் ஒரு மரக்கட்டில். கால்களையும் சட்டங்களையும் கழற்றிக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டுப் பலகையை மட்டும் நிமிர்த்திக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

ஓட்டுநர் நல்ல வாயாடி. "என்னக்கா, வர்றப்ப றெக்கை கட்டிப் பறந்த வண்டி, இப்ப மாடு மாதிரி இழுக்குது? கட்டிலா, கருங்கல்லா?"

"பழைய மரம்ப்பா. வெயிட்டு இருக்கத்தான் செய்யும்."

கொஞ்ச தூரம் போனது. ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்தான். "அக்கா, முன்னாடி மேடு வருது. பின்னாடி உக்காந்திருக்கவங்களைக் கெட்டியாப் பிடிச்சுக்கச் சொல்லுங்க."

அக்கா சிரித்துவிட்டாள். "பின்னாடி யாரு இருக்கா?"

"அதான்... பலகைல சாஞ்சு உக்காந்திருக்காங்களே. உங்ககூட வந்தவங்க இல்லையா?"

அக்கா திரும்பி, சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கயிறு, பலகை, வெயில். வேறொன்றும் இல்லை. ஓட்டுநர் இன்னொரு தடவை கண்ணாடியைப் பார்த்தான்... கண்ணாடியை மேல்பக்கமாகத் திருப்பிவிட்டான். வீடு வரும்வரை வாயே திறக்கவில்லை. கட்டிலை இறக்கி வைத்ததும் குடிக்கக் கொடுத்த தண்ணீரைக்கூட வாங்காமல் கிளம்பிவிட்டான்.

வெயில் பையனை ஒரு வழி பண்ணிவிட்டது என்று அக்கா நினைத்துக்கொண்டாள். எதற்கும் காரணம் கண்டுபிடிக்கிற ஆள் அவள்.

அக்காவுக்கு ஒரு பெயிண்டுக் கடையில் வண்ணம் கலக்கும் வேலை. அட்டையில் ஒரு நிறத்தைக் காட்டினால் போதும். வெள்ளை டப்பாவில் மஞ்சள் இவ்வளவு, கறுப்பு ஒரு சொட்டு என்று விட்டு, குலுக்கி, அதே நிறத்தைக் கையில் கொடுத்துவிடுவாள். அவளுக்குக் கல்யாணம் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் மனைவியை இழந்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். மாமா பஸ் ஓட்டுகிறவர். தங்கமான மனிதர், பேச்சு மட்டும் எண்ணி எண்ணித்தான் வரும். அவருக்கு ஒரு பெண் குழந்தை, பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தது. தவழ்ந்த காலத்தில் பக்கவாட்டில்தான் நகருமாம். அதனால் நண்டு என்கிற பெயர் ஒட்டிக்கொண்டது.

நண்டு அக்காவிடம் ஒரு நாளும் அடம் பிடித்ததில்லை. ஊட்டினால் சாப்பிடும், துவட்டினால் நிற்கும். ஆனால் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடாது. சித்தி என்றுகூடக் கிடையாது. "தண்ணி வேணும்" என்று காற்றிடம் சொல்லும். "லேஸ் அவுந்துடுச்சு" என்று ஷூவிடம் சொல்லும். அக்கா ஓடி வருவாள். அந்த ஒரு சொல்லுக்காக அவள் எப்படி ஏங்கினாள் என்பது கடை முதலாளிக்கு மட்டும் தெரியும். காலையில் கேட்பார்: "என்னம்மா, அம்மா வேலை நிரந்தரம் ஆயிடுச்சா?"

"இன்னும் டெம்பரவரிதான் சார்."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். பிறகு அக்கா குனிந்து டப்பாவைக் குலுக்க ஆரம்பித்துவிடுவாள்.

நண்டுக்கு ராத்திரியில் தூக்கமே கிடையாது. பாயில் உருண்டுகொண்டே, "என் கட்டில் எங்க?" என்று சுவரைக் கேட்கும். அது மூத்தவள், நண்டைப் பெற்றவள், படுத்திருந்த கட்டில். அவள் போன பிறகு, பார்க்கப் பொறுக்காமல் மாமா அதை ஊருக்கு வெளியே ஒரு நண்பரின் கிடங்கில் போட்டுவிட்டார்.

"அது வேணாம்மா," என்றார்.

"மரம் என்னங்க பண்ணும்? நானே பெயிண்ட் அடிச்சு, புதுசாக்கிக் காட்டுறேன் பாருங்க. குழந்தைக்கு நான் குடுத்த மாதிரி இருக்கும்ல?"

அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு மாமா நண்பருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அப்படித்தான் அந்தச் சரக்கு ஆட்டோ போனது, வந்தது.

பழைய மரச்சாமானுக்கு வண்ணம் அடிப்பதென்றால், டப்பாவைத் திறந்து பிரஷ்ஷை முக்குவது என்று நாம் நினைக்கிறோம். இல்லை. முக்கால்வாசி வேலை டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். பழைய வார்னிஷ் வழவழவென்று இருக்கும். அதன்மேல் அடித்தால் எந்த வண்ணமும் நிற்காது. நகத்தை வைத்தால் தோலாக உரிந்து வரும். பெயிண்டுக்குப் பிடிமானம் வேண்டும். உப்புத்தாளால் தேய்க்கிறோமே, அது மேலே கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடுகிறது. வண்ணம் அந்தக் கீறல்களில்தான் காலூன்றுகிறது. மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அந்தக் கோடுகள் எத்தனை பூச்சுக்குக் கீழேயும் கண்ணில் குத்தும்.

அக்கா எல்லாம் முறையாகச் செய்தாள். கொல்லையில் பழைய செய்தித்தாள்களைப் பரப்பி, மூக்கில் துணி கட்டிக்கொண்டு தேய்த்தாள். ஆணி ஓட்டைகளுக்குப் பட்டி வைத்தாள். தூசியை ஈரத்துணியால் எடுத்தாள். கால்கள், சட்டங்கள் எல்லாம் வெள்ளை வெளேரென்று வந்துவிட்டன. தலைமாட்டுப் பலகை மட்டும் வரவில்லை. அதன் நடுவில் வட்டமாக ஒரு கறுத்த கறை. ஒரு தலை அளவு.

எண்ணெய்க் கறை. மூத்தவளுக்கு இதயத்தில் கோளாறு. படுத்தால் மூச்சு முட்டும். கடைசி மாதங்களில் இரவும் பகலும் அந்தப் பலகையில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தபடிதான் இருந்தாள். தலைவலிக்கு இலைகள் போட்டுக் காய்ச்சிய ஏதோ மருந்தெண்ணெய் தடவுவார்கள். கொஞ்சம் கசப்பாக, கொஞ்சம் இனிப்பாக ஒரு வாசனை. தேய்க்கத் தேய்க்க அந்த வாசனை எழுந்தது. மரத்தூளுக்கு நடுவில், சூடாக... இப்போதுதான் யாரோ எழுந்து போனது மாதிரி.

எண்ணெய் ஏறிய மரத்துக்கு ஒரு வழி உண்டு. மரம் என்பது மெல்லிய குழாய்களின் கட்டு. எண்ணெய் அந்தக் குழாய்களுக்குள் இருக்கிறது. மேலே துடைத்தால் உள்ளே இருப்பது மெல்ல ஏறி வரும்; வண்ணத்தையும் ஊடுருவி வரும். அதனால் முதலில் அரக்கு பூசி அடைக்க வேண்டும். அரக்கு, பூச்சிகள் மரக்கிளையில் விட்டுப்போகும் பிசின். ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினால் ஸ்பிரிட் பறந்துவிடும், அரக்கு கண்ணாடி மாதிரி இறுகிவிடும். அதைத் தாண்டி எண்ணெய் வராது. கறை வராது. வாசனைகூட வராது. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அக்கா இதைப் பாடமாகச் சொல்லி அனுப்புகிறவள்.

அவளே அந்தப் படியைத் தாண்டிவிட்டாள். ஏன் தெரியுமா? நண்டு பக்கத்தில் வந்து குந்தி, முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்து, "பச்சை எப்ப வரும்?" என்று கேட்டது. கிளிப்பச்சை. அட்டையில் அதுவே விரல் வைத்துக் காட்டிய நிறம். அந்த முகத்தை ஒரு நாள் காக்க வைக்க அக்காவுக்கு மனம் வரவில்லை. "இதோ இப்பவேடா தங்கம்" என்று அடிப்பூச்சான பிரைமரைத் திறந்துவிட்டாள்.

கட்டில் அழகாக வந்தது. மாமாகூட ஒரு தடவை தடவிப் பார்த்தார். அன்றைக்கு நண்டு படுத்ததும் தூங்கியது. அக்கா வாசற்படியில் உட்கார்ந்து, சந்தோஷத்தில் தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாளாம்.

காலையில் பச்சைக்கு நடுவில் ஒரு நிழல் மாதிரி கறை எழுந்திருந்தது.

நண்டுக்கு அதைப் பார்த்து முகமெல்லாம் பல். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஓடிப்போய்க் கறையில் கன்னத்தை வைத்துக்கொள்ளும். கிசுகிசுவென்று என்னமோ பேசும். நிறுத்தும். கேட்கிற மாதிரி இருக்கும். சிரிக்கும். சரியாகச் சாப்பிட ஆரம்பித்தது. கன்னம் உப்பியது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி... ஒருத்தியைத் தவிர.

"யார்கூடடா பேசுற?" என்று அக்கா ஒரு சாயங்காலம் கேட்டாள்.

நண்டு பலகையிடம் சொன்னது: "யாருன்னு கேக்குறாங்க."

அக்கா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மறுநாள் குழந்தை பள்ளிக்குப் போனதும் பலகையைத் தேய்த்து, இன்னொரு பூச்சுக் கொடுத்தாள். கறை இருந்தால் பெயிண்டுக் கடைக்காரிக்கு அவமானம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கறை திரும்பி வந்தது. ஆனால் பழைய இடத்தில் இல்லை. ஒரு பக்கமாகச் சரிந்து... கீழே... குழந்தையின் தலையணைக்கு நேர் மேலே. படுத்திருக்கிற குழந்தை பேசுவதைக் கேட்கத் தலையைக் குனிந்தால் எப்படி இருக்கும்? அப்படி.

எண்ணெய் கீழ்நோக்கி இறங்கும், அதுதான் இயற்கை என்றாள் அக்கா. சொல்லும்போதே தன் குரல் தனக்கே பொய்யாகப் பட்டதாம். அன்றைக்குக் கடையிலிருந்து அரக்கு வாங்கி வந்தாள். பூசினாள். காய்ந்ததும் இன்னொரு தடவை. ஓரம், முனை, பின்பக்கம் என்று ஒரு ஊசி முனைகூட விடாமல் அடைத்தாள். அதன்மேல் பச்சை. சுத்தமான வேலை. கறை வரவில்லை. மூக்கை ஒட்டி வைத்தாலும் வாசனை இல்லை.

நண்டு வந்தது. கன்னத்தை வைத்தது. எடுத்தது. காதை வைத்தது. விரலால் தட்டிப் பார்த்தது, கதவைத் தட்டுகிற மாதிரி. பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்தது... திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதன் பிறகு யாரிடமும் பேசவில்லை. காற்றிடம்கூட. தட்டில் வைத்தது அப்படியே இருக்கும். பள்ளியிலிருந்து, குழந்தைக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள்.

அப்புறம்தான் அந்தச் சத்தம்.

சாயங்காலம், வெயில் இறங்கும் நேரம். பலகையிலிருந்து. முதலில் மிக மெல்லியதாக. வெப்பம் குறைந்தால் மரம் சுருங்கும், டிக் டிக்கென்று சத்தம் வரும், அது எல்லா வீட்டிலும் உண்டு என்று அக்காவுக்குத் தெரியும். ஆனால் மரம் சுருங்கினால் ஒரு தடவை சொடுக்கும், நிற்கும். இது... உள்ளே போனது. வெளியே வந்தது. ஹ்ஹா... ஹ்ஹா... நடுவில் ஒரு சின்ன விசில். ஈரமான விசில்.

மாமா வேலை முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கையிலிருந்த சாப்பாட்டுப் பை கீழே விழுந்தது.

"எங்கேருந்து வருது இது?"

"மரம்தாங்க... காத்து மாறுறப்ப..."

"இல்லம்மா." அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அவளுக்குக் கடைசில இப்படித்தான் இருந்துச்சு. இதே சத்தம். எத்தனை ராத்திரி பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கேன்."

கட்டிலில் நண்டு மண்டியிட்டு உட்கார்ந்திருந்தது. இரண்டு கைகளாலும் பலகையைத் தடவிக்கொண்டு, பேச்சை மறந்துபோன குழந்தை வாயைத் திறந்தது.

"அம்மாக்கு மூச்சு முட்டுது. தொறந்து விடுங்க."

அந்தக் குழந்தை அக்காவிடம் நேராக வேண்டிக் கேட்ட முதல் விஷயம் அதுதான். அவள் கொடுத்தே ஆக வேண்டும்.

மறுநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்தாள். அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்தது என்று சொன்னேனே. உலர்ந்த பிறகும் ஸ்பிரிட்டுக்கு அது இளகும். உப்புத்தாளால் முதலில் பச்சையைக் கீறிவிட்டாள். பழந்துணியை ஸ்பிரிட்டில் நனைத்துப் பலகைமேல் போர்த்தி, ஆவியாகாமலிருக்க பிளாஸ்டிக் தாளை மூடினாள். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கினால் பச்சை சுருண்டு சுருண்டு எழுந்தது. கீழே அரக்கு பாகு மாதிரி குழைந்திருந்தது. துடைத்தாள். முந்தின சாயங்காலத்திலிருந்து நிற்காமல் உள்ளே கேட்டுக்கொண்டிருந்த மூச்சு... துடைக்கத் துடைக்கச் சீரானது. விசில் நின்றது. நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது. கூடவே அந்த வாசனை, கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் இனிப்பு, அறை முழுக்க. அக்காவின் முகத்தில், கைகளில், அவிழ்ந்து தொங்கிய தலைமுடியில்.

"மன்னிச்சிடுங்கக்கா," என்று மூத்தவளிடம் வாய்விட்டுச் சொன்னாள். அழுதுகொண்டே துடைத்தாள். ஒரு துளி அரக்குகூட மிச்சம் இருக்கக் கூடாது, ஒரு குழாய்கூட அடைபட்டிருக்கக் கூடாது என்று துணி மாற்றி மாற்றித் துடைத்தாள்.

அவள் எத்தனை வருஷமாக இந்த வேலையில் இருக்கிறவள்! அழுகையில் அது மனதில் தோன்றவில்லை. அரக்கை இளக்குகிற ஸ்பிரிட் எண்ணெயையும் கிளப்பிவிடும். துணி இரண்டையும் சேர்த்துத்தான் உறிஞ்சும்.

நிமிர்ந்து பார்த்தபோது பலகை வெளுத்துப்போயிருந்தது. புதிதாய் அறுத்த மரம் மாதிரி. கறை இருந்த இடம் எது என்றே தெரியவில்லை. மூக்கை வைத்தாள். ஸ்பிரிட் வாசனை. அதுவும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பறந்துவிட்டது. பிறகு வெறும் மரம்.

காலடியில் துணிகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தாள். பெயிண்ட். பெயிண்ட். பெயிண்ட்.

நண்டு வந்தது. பையைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்க் கன்னத்தை வைத்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம் கழித்துக் குழந்தை திரும்பியது. "இல்ல," என்றது. அவ்வளவுதான். அழக்கூட இல்லை. தரையில் இறங்கிச் சுருண்டு படுத்துக்கொண்டது.

அக்காவும் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். உங்களில் யாராவது யாருக்காவது செய்ய நினைத்த நல்லதை உங்கள் கையாலேயே துடைத்துப் போட்டிருக்கிறீர்களா? அப்படி உட்கார்ந்திருந்தாள்.

வெளிச்சம் மங்கியது. தரையில் ஏதோ நகரும் சத்தம். நண்டு. மெல்ல வந்து, அவள் கையை எடுத்து முகர்ந்தது. மடியில் ஏறியது. அவள் தலைமுடிக்குள் முகத்தைப் புதைத்து, ஆழமாக மூச்சை இழுத்தது.

"அம்மா."

அக்கா அப்படியே கட்டிக்கொண்டாள். அவள் அழுத அழுகை பக்கத்து வீடுவரைக்கும் கேட்டதாம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாம் அம்மாதான். அம்மா தண்ணி. அம்மா லேஸ். அம்மா இங்க பாரு. சத்தமும் இல்லை, கறையும் இல்லை. கட்டிலுக்கு மறுபடி கிளிப்பச்சை அடித்தாள். கண்ணாடி மாதிரி நின்றது. கடையில் முதலாளி கேட்பதற்கு முன்பே, "நிரந்தரம் ஆயிடுச்சு சார்!" என்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். கையிலும் முடியிலும் அந்த எண்ணெய் வாசனை மட்டும் போகவில்லை. எதைப் போட்டுக் குளித்தாலும் போகவில்லை. போனால் போகட்டும், இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு நாள் மாமா கூடத்தில் அசையாமல் நிற்பதைப் பார்த்தாள். அக்கா தினமும் சாய்ந்து உட்காரும் இடத்துக்கு மேலே, வெள்ளைச் சுவரில் வட்டமாக ஒரு கறை. அவள் போய்ச் சாய்ந்து காட்டினாள். "என் தலை இங்க இருக்கு. கறை எங்கேயோ மேல இருக்கே. இது எப்படி என்னோடதாகும்?"

மாமா அவள் தலையையும் கறையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவ உன்னைவிட ஒரு சாண் உயரம்மா," என்றார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை. பள்ளிக்கூட வண்டி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நண்டு பையை மாட்டிக்கொண்டு படியிறங்கி, திரும்பி, அண்ணாந்து பார்த்தது. கண் நிறையப் பாசம். "அம்மா, போய்ட்டு வரேன்."

அக்கா குனியவில்லை, அணைக்கவில்லை. நின்ற இடத்தில் நின்று, அம்மா என்று கூப்பிடும்போது முதல் தடவையாகக் குழந்தையின் கண்களை நேராகப் பார்த்தாள். அந்தக் கண்கள் அவள் முகத்தில் இல்லை. அவள் தலைக்கு ஒரு சாண் மேலே, காற்றில், எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன.

எப்படியாவது அந்தப் பார்வைக்குள் போய்விட வேண்டும் என்று அக்கா குதிகால்களை மெல்ல உயர்த்தினாள்.

நண்டின் கண்களும் மெல்ல உயர்ந்தன.